ஒரு நாளும் விடுபடாத நோட்டு

மரக்காணம்
20-1-2025

அன்புள்ள சங்கரிக்கு,

வைஜி எழுதுவது. இங்கே நானும் வீட்டாரும் நலம். நீயும் உன் அம்மாவும் புது வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் பேசியபோது ஐந்தாவது நிமிடத்தில் நம் இருவருக்கும் குரல் ஏறிவிட்டது. எழுதினால் சண்டை வருவதற்கு நாலு நாளாவது ஆகும். தினமும் காலையில் உப்பளத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்குத் தபால் பை போகத்தான் செய்கிறது. அதில் இதையும் போடுகிறேன்.

பொங்கல் கூட்டத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. முதலாளி மைக்கைப் பிடித்து, "நம்ம கம்பெனியில ஏ.ஐ. வேலையெல்லாம் இனிமே ஒருத்தர் பொறுப்புல. எந்தத் திட்டத்த எடுக்கறது, எத விடறதுன்னு அவங்கதான் சொல்லுவாங்க. பதினாலு வருஷமா நம்மகூட இருக்கற பொண்ணு" என்றாரே, அந்த இடத்தில் நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்தானே? பாதி எழுந்தபோது அவர் "சிவசங்கரி" என்றார். நான் தண்ணீர் குடிக்க எழுந்ததைப் போல நேராகக் கேனிடம் போய் இரண்டு டம்ளர் குடித்தேன். தாகமே இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிரபாகரன் ஆரோவில்லில் ஒரு ஜன்னல் வேலையை முடித்துவிட்டுக் களைத்து வந்திருந்தார். "வயித்தெரிச்சலா?" என்றார். "சங்கரி எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி, அவ மேல எனக்கென்ன?" என்றேன். அவர் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அது போகட்டும். திட்டம் அனுப்பச் சொன்ன உன் அறிவிப்பைப் பார்த்து நானும் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். திண்டிவனம், வந்தவாசி, செய்யூர்க் கடைக்காரர்கள் காலையில் அறுபது எழுபது வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள். "அக்கா, போன தடவ மாதிரியேதான், ஆனா கல்லு உப்பு ரெண்டு மூட்ட கம்மி, தூளு எப்பவும் போல" என்று ஒருத்தர். போன தடவை எவ்வளவு என்று நான் தேட வேண்டும். ஷாலினியும் நானும் பதினொரு மணி வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். நேற்று வந்தவாசிக்குத் தூள் உப்புக்குப் பதிலாகக் கல் உப்பு போய், லாரி திரும்பி வந்தது. மெசேஜை ஏ.ஐ. கேட்டு ஆர்டராக எழுதிக் கொடுக்கட்டும், நாங்கள் சரிபார்த்து அனுப்புகிறோம். கேட்டது இவ்வளவுதான்.

பார்த்துச் செய். தோழி என்பதற்காகச் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
வைஜி


சென்னை
3-2-2025

அன்புள்ள வைஜிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாற்காலி விஷயம் எனக்குச் சிரிப்பாக இல்லை. அந்தப் பெயர் உன் பெயராக இருந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். உப்பளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி நீ சொல்லிக் கொடுத்தது.

இங்கே எனக்குத் தனி மேஜை கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி அறை. உள்ளே என்ன செய்கிறேன் என்று போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். அதனால் சும்மா இருக்கும்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

மொத்தம் பதினேழு திட்டங்கள் வந்தன. கேமரா வைத்து மூட்டை எண்ணுவது, விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பது, வெளிநாட்டில் உப்பு விலை எப்படிப் போகும் என்று சொல்வது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று. ஒன்றை மட்டும்தான் இந்த வருடம் எடுக்க முடியும். இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். எல்லா வேலைக்கும் ஏ.ஐ. பொருந்தாது, எங்கே தோற்கும் என்று முதலில் யோசியுங்கள் என்றார்கள். நானும் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் எடுத்தது, பாத்தியில் உப்புநீரின் அடர்த்தி எத்தனை டிகிரிக்கு வரும், எந்தப் பாத்தியில் என்றைக்கு உப்பு வார வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் திட்டம். வெளியிலிருந்து ஒரு ஆலோசனைக் கம்பெனி கொண்டுவந்த யோசனை. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இத செஞ்சா உப்புல நாமதாம்மா முன்னோடி" என்கிறார்.

உன் திட்டத்தை எடுக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன். முதலாளி அதைப் பார்த்து, "வாய்ஸ் மெசேஜ எழுதறதுக்கா ஏ.ஐ.?" என்றார். நானும் அழுத்திப் பேசவில்லை. நம் நட்பு கம்பெனி முழுக்கத் தெரியும். முதல் திட்டமே உன்னுடையதாக இருந்தால் என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். கோபப்படாதே. அடுத்த வருடம் பார்ப்போம்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். இந்தத் திட்டம் நிற்பதே பழைய டிகிரி நோட்டுகளின் மேல்தான். ஒன்பது வருட நோட்டுகளும் உன் அலுவலகத்தில் இருக்கின்றன. பாத்தி பாத்தியாக அளந்து சடையப்பன் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நீதான். அவற்றை நம்பலாமா? நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யாரையும் கேட்க மாட்டேன்.

அம்மா உன்னை விசாரித்தார்கள்.

உன்
சங்கரி


மரக்காணம்
7-2-2025

அன்புள்ள சங்கரிக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடி அறை என்றால் வெயில் படும், முகம் கறுத்துவிடப் போகிறது. பார்த்துக்கொள்.

என் திட்டத்தை எடுக்காததில் எனக்கு ஒன்றும் இல்லை. ஷாலினிதான் கொஞ்சம் வருத்தப்பட்டாள். "அக்கா, நம்ம சங்கரி அக்காவே வேணாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். பெரிய இடத்துக்குப் போனவர்களுக்குப் பெரிய விஷயம்தானே கண்ணில் படும் என்று சமாதானம் சொன்னேன்.

நோட்டு பற்றிக் கேட்டிருந்தாய். 2016 ஜனவரியிலிருந்து எல்லா நோட்டும் இருக்கின்றன. ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. சடையப்பனின் கையெழுத்தும் அச்சடித்ததைப் போல இருக்கும். நான் ஏற்றியதிலும் பிழை கிடையாது, இரண்டு முறை சரிபார்த்தேன்.

இங்கே காற்று மாறிவிட்டது. தெற்குப் பாத்திகளில் உப்பு விழ ஆரம்பித்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வைஜி


சென்னை
16-4-2025

அன்புள்ள வைஜிக்கு,

சந்தோஷமான செய்தி. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

போன வருட நோட்டை ஏ.ஐ.க்குக் காட்டாமல் ஒளித்து வைத்துக்கொண்டு, மற்ற எட்டு வருட நோட்டுகளை மட்டும் கொடுத்து, போன வருடம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லச் சொன்னார்கள். நூறு கட்டங்களில் தொண்ணூற்று நாலு சரி! ஆலோசனைக் கம்பெனிப் பையனே வாயைப் பிளந்துவிட்டான். "இவ்ளோ சுத்தமான டேட்டாவ நாங்க பாத்ததே இல்ல மேடம், எல்லாக் கம்பெனியிலயும் ஓட்டை ஒடசலாத்தான் இருக்கும்" என்றான். எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன் பெயரைச் சொன்னேன்.

பத்திரிகையிலிருந்து வந்து போட்டோ எடுத்தார்கள். நான் மாம்பழக் கலர்ப் புடவை கட்டியிருந்தேன். முதலாளி என்னை நடுவில் நிற்கச் சொன்னார். வெளியானதும் அனுப்புகிறேன்.

21ஆம் தேதி முதல் வடக்குப் பக்கத்து நாற்பது பாத்திகளில் ஆரம்பம். சடையப்பன் இனி அந்த நாற்பதில் அளக்க வேண்டியதில்லை. எந்தப் பாத்தியில் வார வேண்டும் என்று அவர் போனுக்கே வந்துவிடும். அவர் முனகுகிறார் என்று கேள்விப்பட்டேன். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்.

ஒரு நாள் அங்கே வந்து பாத்தியோரம் நிற்க வேண்டும் என்று ஜனவரியிலிருந்தே நினைக்கிறேன். கூட்டம் மேல் கூட்டம். இந்த மாதமும் முடியவில்லை. நீ இருக்கும்போது நான் எதற்கு என்ற தைரியம்தான்.

வைஜி, இது உன் வார்த்தையை வைத்துக் கட்டியது. அதை நான் மறக்க மாட்டேன்.

உன்
சங்கரி


மரக்காணம்
12-5-2025

அன்புள்ள சங்கரிக்கு,

முதலாளி உன்னிடம் பேசியிருப்பார். அவர் சொன்னது ஒரு மாதிரி இருக்கும். நான் நேரில் பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் வெயில் ஒரேயடியாக ஏறியது. புதன்கிழமை சடையப்பன் வடக்குப் பாத்தியில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரும்மா. தண்ணி எண்ணெ மாதிரி கொழகொழன்னு இருக்குது. போன்ல இருபத்தஞ்சு டிகிரின்னு காட்டுது. இது முப்பதத் தாண்டிருச்சு. இன்னிக்கே தண்ணிய இறக்கி உடணும்" என்றார். ஆலோசனைக் கம்பெனிப் பையன் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பெரியவரே, நீங்க கை வெக்காதீங்க. நடுவுல மாத்துனா சோதனையே கெட்டுடும். வெள்ளிக்கிழமைதான் வாரணும்னு வந்திருக்குது" என்றான். சடையப்பன் என்னைப் பார்த்தார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வாரினார்கள். வாரிய பெண்களில் பாப்பாத்தி ஒரு உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டவள் உடனே துப்பிவிட்டாள். "கசக்குது. மாட்டுக்குக்கூட ஆவாது" என்றாள். நாற்பது பாத்தியிலும் அப்படித்தான். நீர் ரொம்ப முற்றிவிட்டால் உப்பில் கசப்பு ஏறிவிடும் என்பது உனக்கும் தெரியும். வாரிய உப்பு முழுவதையும் தனியாக ஒதுக்கிவிட்டு, தரையைச் சுரண்டி, புது நீர் விட வேண்டியதாகிவிட்டது. பத்துப் பெண்கள் நாலு நாள் வெயிலில் நின்று சுரண்டினார்கள். பாப்பாத்தியின் குதிகால் வெடித்து அதில் அந்த நீர் இறங்கி, இப்போது செருப்புகூடப் போட முடியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறாள்.

முந்தாநாள் சனிக்கிழமை முதலாளி வந்தார். "யாரு இதுக்குப் பொறுப்பு?" என்று கேட்டார். பையன் லேப்டாப்பைத் திறந்து தொண்ணூற்று நாலைக் காட்டினான். மிஷின் சரி, அப்படியானால் ஆள்தான் தப்பு என்று முடிவாகிவிட்டது. சடையப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து கம்பெனி கொடுத்த அந்தப் போனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

உன் போட்டோ வந்த பத்திரிகையை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதை யாரோ எடுத்துவிட்டார்கள். நான் இல்லை.

உனக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வைஜி


சென்னை
14-5-2025

வைஜி,

நேற்று சடையப்பன் வீட்டுக்கு நானே போன் செய்தேன். "நோட்டுல இருக்கறது எப்படி இவ்ளோ தப்பாகும்?" என்று கேட்டேன்.  அவர், "நோட்டு வேறம்மா, பாத்தி வேற. முந்நூறு பாத்திய ஒருத்தன் தெனமும் அளக்க முடியுமா? வைஜெயந்திக்குத் தெரியுமே" என்றார்.

உனக்குத் தெரியுமா?

சிவசங்கரி


மரக்காணம்
16-5-2025

சங்கரி,

தெரியும்.

நேற்று முழுக்க வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே வந்தேன்.

முன்பு இரண்டு பேர் அளந்தார்கள். 2017இல் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது பதிலுக்கு ஆள் போடவில்லை. அதிலிருந்து சடையப்பன் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அளப்பார். அதுவும் எல்லாப் பாத்தியையும் இல்லை. மற்ற நாட்களை சனிக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நிரப்புவார். இருபத்து நாலு, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தாறு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவார். தலைமை அலுவலகத்தில் கட்டம் காலியாக இருந்தால் திட்டுவார்கள், நிரம்பியிருந்தால் யாரும் பார்ப்பதில்லை. பாத்தியில் வேலை செய்யும்போது அவர் நோட்டைத் தொடவே மாட்டார். நீரின் நிறத்தைப் பார்ப்பார், கையில் அள்ளிப் பார்ப்பார், தேவைப்பட்ட இடத்தில் கருவியை விடுவார். அதனால்தான் இத்தனை வருடம் உப்பு கெடவில்லை. உன் ஏ.ஐ. தொண்ணூற்று நாலு சரியாகச் சொன்னது, சடையப்பன் சனிக்கிழமை என்ன எழுதுவார் என்பதை. ஒரே மாதிரி எழுதினதை ஒரே மாதிரி சொல்வதற்கு என்ன கஷ்டம்?

நீ கேட்டபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். நம்பலாமா என்று நீ கேட்டாய். விடுபடவில்லை என்று நான் எழுதினேன். அந்த வரியை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைத் திரும்பப் படித்தேன். ஒரு பொய்யும் இல்லாத வரி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஏன் என்று கேட்பாய். அந்த நாற்காலியில் பாதி எழுந்தவள் நான். அதிலிருந்து நான் இன்னும் உட்காரவில்லை. உன் கண்ணாடி அறை, உன் வகுப்பு, எதைக் கேட்டாலும் எனக்கு நெஞ்சுக்குள் காந்தியது. என் திட்டத்தை நீ ஒதுக்கியபோது, சரி, இவளே விழுந்து தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் விழுவாய், எல்லாரும் சிரிப்பார்கள், அப்புறம் என்னைக் கேட்பார்கள் என்று மட்டும்தான் கணக்குப் போட்டேன். நாற்பது பாத்தியை நினைக்கவில்லை. பாப்பாத்தியின் காலை நினைக்கவில்லை.

புதன்கிழமை சடையப்பன் என்னைப் பார்த்தார் என்று எழுதினேன் இல்லையா? "அந்த நோட்டு நெஜமில்ல, நிறுத்துங்க" என்று நான் சொல்ல வேண்டிய நேரம் அது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. போர்டிலிருந்து பத்திரிகைப் போட்டோவை எடுத்ததும் நான்தான். மேஜை டிராயரில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை முதலாளியிடம் கொடு. சடையப்பன் திரும்ப வர வேண்டும்.

வைஜெயந்தி


சென்னை
2-6-2025

வைஜெயந்திக்கு,

உன் கடிதத்தை முதலாளியிடம் கொடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ளாதே. அதைக் கொடுத்தால் எல்லாப் பழியும் உன்மேல் போய்விடும், என் பங்கு மறைந்துவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அவரிடம் போய், "ஒரு நாள்கூடப் பாத்தியில வந்து நிக்காம நான் இந்தத் திட்டத்த எடுத்தேன் சார், தப்பு என்னுது" என்றேன். அதுவும் உண்மைதான். சடையப்பன் அளக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டாராம். யார் காதிலும் ஏறவில்லை. டிகிரியை முன்கூட்டிச் சொல்ல ஏ.ஐ. வேண்டும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று அந்த உப்பளத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பத்திரிகையில் போடும்படி இருந்தது, முதலாளிக்குப் பிடித்தது, நான் எடுத்தேன்.

உன் திட்டத்தைக் கேட்டு வந்தவர்கள் தினமும் அந்த வேலையில் காது வலித்தவர்கள். அதில் காலையில் தப்பு வந்தால் லாரி கிளம்பும் முன்னால் ஷாலினியே பார்த்துத் திருத்திவிடுவாள். இதில் தப்பு தெரிய நாற்பது பாத்தி கசக்க வேண்டியிருந்தது. வகுப்பில் இதைத்தான் இரண்டு நாள் சொன்னார்கள். அழகாக எழுதி வைத்திருக்கிறேன்.

நீ அன்றைக்கு நோட்டை நம்பாதே என்று எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். பொறாமையில் சொல்கிறாள் என்றே நினைத்திருப்பேன். ஆனாலும் மறுநாள் பஸ் ஏறி வந்து நோட்டைப் பிரித்துப் பார்த்திருப்பேன். உன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவள் நான். அதை நீ அறிவாய். அறிந்துதான் எழுதினாய்.

ஜூலை முதல் தேதியிலிருந்து நான் பழையபடி பில் போடும் பிரிவுக்குப் போகிறேன். இந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்கள். சடையப்பனைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார் முதலாளி. நோட்டு நிஜமில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்; பொய் எழுதினவராம்.

இனி நீ எழுத வேண்டாம். எனக்கு உன் கையெழுத்தைப் பார்க்க முடியவில்லை.

சிவசங்கரி


மரக்காணம்
20-6-2025

சங்கரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது நடந்ததைத் தெரிவிக்க மட்டும். பதில் வேண்டியதில்லை.

போன வாரம் திங்கட்கிழமை முதலாளி உப்பளத்துக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "ஏம்மா, சிவசங்கரி சரிப்படல. ஆரம்பத்துலயே ஒன்ன போட்டிருக்கணும். ஒன்னாந்தேதிலேர்ந்து மெட்ராசுக்கு வந்துடு. அந்த ரூம் ஒனக்குத்தான்" என்றார்.

உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்திருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு டீ குடிக்கும் நேரம் அந்தச் சந்தோஷத்தோடு சும்மா இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பாப்பாத்தி காலில் துணியோடு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"சார், நோட்டு பொய்யின்னு எனக்கு எட்டு வருஷமா தெரியும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். சங்கரி என்னைக் கேட்டாள், நான் தெரிந்தே மறைத்தேன், அவள்மேல் எனக்குப் பொறாமை என்று அந்த வார்த்தையையே சொன்னேன்.  பிறகு ஃபைலை எடுத்து வைத்தேன். இன்னொரு ஆள் வேண்டும் என்று சடையப்பன் கேட்ட மூன்று கடிதங்கள், 2018, 2019, 2022. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தவை. மூன்றிலும் "பிறகு பார்க்கலாம்" என்று முதலாளியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அவர் மூன்றாவதை வெகுநேரம் வைத்துப் பார்த்தார். "இதெல்லாம் எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார். "நோட்டு நெரம்பியிருந்துச்சு சார், நீங்க கேக்கல" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுந்து போம்மா" என்றார்.

புதன்கிழமை உத்தரவு வந்தது. உனக்கும் வந்திருக்கும். நீ அங்கேயே தொடர்கிறாய். சடையப்பன் வேலைக்கு வந்துவிட்டார், கூட ஒரு ஆளும் போட்டிருக்கிறார்கள். என்னைப் பதிவேட்டு வேலையிலிருந்து எடுத்துப் பேக்கிங் ஷெட்டில் போட்டிருக்கிறார்கள். இங்கே சத்தம் அதிகம், ஜன்னல் இல்லை. சடையப்பன் வந்த அன்று ஷெட்டு வழியாகத்தான் போனார். "என்னாம்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது.

நீ வாய்ஸ் மெசேஜ் திட்டத்தை எடுத்திருக்கிறாய், ஷாலினியைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறாய் என்று அவளே ஓடி வந்து சொன்னாள். நான் எழுதிய திட்டம், என் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு எரியவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். எரிகிறது. அவள் மத்தியானத்தில் ஷெட்டுக்கு வந்து, "அக்கா, செய்யூர்க்காரர் 'பழைய கணக்கு'ன்னா எத்தன மூட்ட? வந்தவாசிக்காரர் 'சின்னது'ன்னா எந்தப் பாக்கெட்டு?" என்று கேட்கிறாள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். பத்து வருட ஆர்டர் புத்தகத்தில் 2020ஆம் வருடத்தை நம்பாதே, அது பின்னால் உட்கார்ந்து எழுதியது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும்.

அந்தப் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பு என்னுடையது. புடவை உனக்கு நன்றாக இருக்கிறது.

வைஜெயந்தி


சென்னை
24-6-2025

வைஜி,

வியாழக்கிழமை அங்கே வருகிறேன். காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து, ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா வாய்ஸ் மெசேஜையும் முதலிலிருந்து கடைசிவரை நானே கேட்கப் போகிறேன். அதற்குப் பிறகுதான் எதையும் ஆரம்பிப்பேன். மத்தியானம் பாப்பாத்தியைப் பார்க்க வேண்டும்.

ஷெட்டுப் பக்கம் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. வருவேன் என்று நீ காத்திருக்காதே.

ஆனால் அன்றைக்கு லீவு போட்டுவிடாதே.

சங்கரி